டிக்கெட் இல்லாத எல்ஃப்

போன டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து தங்கை ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். செயற்கைப் பனி தூவிய ஒரு காடு. மரக்குடிலுக்கு வெளியே அவளுடைய 6 வயது மகள் நிற்கிறாள். பச்சை அங்கி, கூர்த் தொப்பி, ஒட்டுக் காது வைத்த ஒரு பெண் ஓடி வந்து அவள் முன்னால் முட்டி போடுகிறாள். குழந்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். பூனையின் பெயரைச் சொல்கிறாள். போன வாரம் விழுந்த பல்லைப் பற்றி விசாரிக்கிறாள். குழந்தை வாயைப் பிளந்துகொண்டு அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறது. அந்த ஒரு பார்வைக்காகத்தான் அத்தனை ஏற்பாடும்.

ராத்திரி போனில் தங்கை ரகசியத்தை உடைத்தாள். "டிக்கெட் புக் பண்ணும்போதே ஃபார்ம் வருதுண்ணா. பேரு, ஃபிரெண்டு பேரு, வீட்ல என்ன வளக்கறீங்க, எல்லாம் நாமதான் எழுதிக் குடுக்கணும்." எவ்வளவு ஆச்சு என்று கேட்டேன். சொல்ல மாட்டேன், நீ அம்மாகிட்ட சொல்லிடுவே என்றாள். நடுவில் போனைப் பிடுங்கிக்கொண்டு குழந்தை கேட்டது: "மாமா, உங்க ஊர்ல எல்ஃப் இருக்கா?"

இல்லம்மா என்று சொல்லிவிட்டேன். எல்ஃபுக்குத் தமிழில் என்ன சொல்வது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. குட்டிச்சாத்தான் என்றால் ஆயா திருநீறு எடுத்து வந்துவிடுவார். ஆனால் போனை வைத்த பிறகு, அந்தப் பதில் தப்போ என்று தோன்றியது. குளிர்காலத்தில், லீவு நாளில், வேஷம் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட ஒருவர் எனக்கும் இருந்தாரே! அதைத் தேடிப் போனதில் கிடைத்தவைதான் இந்தக் குறிப்பு.

முதலில் எல்ஃப் கதை. இப்போது நாம் பார்க்கும் கிறிஸ்துமஸ் எல்ஃப், பல ஊர்ச் சரக்கைச் சேர்த்துத் தைத்த சட்டை. அதில் ஒரு துண்டு ஸ்வீடனின் 'தோம்தே', நார்வே, டென்மார்க்கின் 'நிஸ்ஸே'. பண்ணை வீட்டைக் காக்கும் குள்ளக் கிழவர். நம் ஊர்க் காவல் தெய்வங்கள் மாதிரியே கோபக்காரர். கிறிஸ்துமஸ் ராத்திரி அவருக்கு ஒரு கிண்ணம் கஞ்சி, மேலே ஒரு கட்டி வெண்ணெய் வைக்க வேண்டும். ஒரு கதையில், வெண்ணெய் வைக்கவில்லை என்று கோபப்பட்டுப் பண்ணையின் பசுவைக் கொன்றுவிடுகிறார். திரும்பி வந்து கஞ்சியைக் கிண்டினால் வெண்ணெய் அடியில் இருக்கிறது! 1881இல் விக்டர் ரூட்பெரி இந்தக் கிழவரைப் பற்றி ஒரு கவிதை எழுத, அதற்கு யென்னி நிஸ்ட்ரோம் வரைந்த படங்கள் இவரை ஸ்வீடன் கிறிஸ்துமஸின் முகமாக்கின.

அமெரிக்காவில் 1823இல் வந்த புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் கவிதை ஒன்றில் தாத்தாவே ஓர் எல்ஃப்தான், உதவியாள் கிடையாது. அவரைச் சுற்றிக் குட்டி வேலையாட்கள் பொம்மை செய்யும் படம் 1873இல் 'கோடீஸ் லேடீஸ் புக்' பத்திரிகையில் வந்தது. இங்கிலாந்தில் 1879இல் லிவர்பூலின் லூயிஸ் கடை, குழந்தைகள் உள்ளே நடந்துபோய்ப் பார்க்கும் கிறிஸ்துமஸ் மாய உலகத்தை அமைத்தது. வாசலுக்கு வந்துகொண்டிருந்தவரைப் பார்க்க இனி கடைக்குப் போக வேண்டும். அந்தத் திருப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

பின்லாந்துக் கதைதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அங்கே கிறிஸ்துமஸ் தாத்தாவின் பெயர் 'யோலுபுக்கி'. நேர்ப்பொருள், கிறிஸ்துமஸ் கிடா. ஏன் கிடா? அவருக்கு முன்னால் 'நூத்திபுக்கி' என்று ஒரு வழக்கம் இருந்தது. பண்டிகைக் காலம் முடிகிற ஜனவரி 13ஆம் தேதி, இளவட்டங்கள் ஆட்டுத்தோல் கோட்டை உள்வெளியாகத் திருப்பிப் போட்டு, மரப்பட்டை முகமூடியும் கொம்பும் மாட்டிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். பரிசு கொடுக்க அல்ல, கேட்க. மிச்சமிருக்கும் பலகாரமும் பீரும் வேண்டும். இல்லையென்றால் ரகளை. குழந்தைகள் அம்மா பின்னால் ஒளிந்துகொள்ளும். ஜனவரி 13 என்றதும் எனக்கு நம் போகிதான் ஞாபகம் வந்தது. தேதி ஒத்துப்போவது தற்செயல். காரணம் ஒத்துப்போவது தற்செயல் இல்லை. அங்கே இலையுதிர் காலத்தில் ஆடுமாடு அறுத்து, பீர் காய்ச்சி, வீடு நிறைந்திருக்கும் நேரம். இங்கே சம்பா அறுவடை முடிந்து குதிர் நிறையும் நேரம். வீட்டில் இருக்கும்போதுதானே வாசலில் வந்து கேட்க முடியும்?

அந்தக் கொம்பு வைத்த இரவலர் எப்படிப் பரிசு தரும் தாத்தா ஆனார் என்பது தனிக் கதை. சுருக்கமாகச் சொல்கிறேன். 1927இல் பின்லாந்து வானொலியில் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய 'மார்க்கஸ் மாமா', யோலுபுக்கியின் வீடு லாப்லாந்தின் கோர்வதுந்துரி மலையில் இருக்கிறது என்று அறிவித்தார். 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை லாப்லாந்தின் தலைநகர் ரொவானியேமியை எரித்துவிட்டுப் போனது. திரும்பக் கட்டிக்கொண்டிருந்த அந்த ஊரைப் பார்க்க 1950 ஜூனில் எலினோர் ரூஸ்வெல்ட் வந்தார். அவருக்காக ஆர்க்டிக் வட்டத்தின் மேலேயே அவசர அவசரமாக ஒரு மரக்குடில் கட்டினார்கள். அதுதான் முதல் குடில். 1984 கிறிஸ்துமஸுக்கு லண்டனிலிருந்து கான்கார்டு விமானம் சுற்றுலாப் பயணிகளோடு வந்து இறங்கியது. 1985இல் சாண்டா கிளாஸ் கிராமம் திறந்தார்கள். எரிந்துபோன ஊர் ஒன்று, வாசலில் வந்து கஞ்சி கேட்ட ஒருவரை வைத்து எழுந்து நின்றது. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. என் கேள்வி வேறு. நம் வாசலுக்கு வந்தவருக்கு ஏன் அது நடக்கவில்லை?

இனி எங்கள் ஊர்.

அம்மா பிறந்த ஊர் திருப்புட்குழி. காஞ்சிபுரத்திலிருந்து வேலூர்ப் பக்கம் போனால் பாலுசெட்டி சத்திரம் வரும். அதை ஒட்டி இருக்கிறது. புள் என்றால் பறவை. சீதையைக் காக்கப் போராடி விழுந்த ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த குழி என்று தலபுராணம். மூலவர் விஜயராகவப் பெருமாள், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ராமானுஜர் சின்ன வயதில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊர் என்றும் சொல்வார்கள். தாயார் மரகதவல்லி, வறுத்த பயறை முளைக்க வைப்பவர். குழந்தை வேண்டும் பெண்கள் வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள், காலையில் முளைத்திருந்தால் வேண்டுதல் பலிக்கும் என்று நம்பிக்கை.

அரையாண்டுப் பரீட்சை லீவுக்கு அங்கேதான் போவேன். தாத்தா தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருப்பார். மார்கழிப் பனி விலகாத காலையில் தெருக்கோடியில் அந்தச் சத்தம் கேட்கும். உருமியின் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் இழுத்துத் தேய்க்கும்போது வருமே, வயிற்றுக்குள் கேட்கிற 'பூம்ம்... பூம்ம்'. நாடா ஓடுகிற சத்தம் நின்றுவிடும். "மாட்டுக்காரர் வந்துட்டாருடா" என்பார் தாத்தா. தறியை விட்டு எழுந்திருக்க அவருக்கும் ஒரு சாக்கு.

மாட்டின் மேல் பழைய புடவைகளைத் தைத்துச் சேர்த்த போர்வை. கொம்பில் கலர் துணி, கழுத்தில் சலங்கை, நெற்றியில் சோழிப் பட்டை. கூடவே தலைப்பாகை கட்டிய மாட்டுக்காரர். முதலில் ஆயாவைப் பார்த்து, "மகராசி வீட்ல இந்த வருசம் கல்யாணம் உண்டா, சொல்லு ராசா" என்பார். மாடு மேலும் கீழும் தலையாட்டும். "தாத்தா கோவக்காரரா?" மறுபடி ஆட்டும். தெருவே சிரிக்கும். அப்புறம் திடீரென்று என் பக்கம் திரும்பி, என் பேரைச் சொல்லி, "பட்டணத்திலிருந்து வந்திருக்காரு, கணக்குல பாஸ் பண்ணுவாரா?" என்பார். என் பேர் அவருக்கு எப்படித் தெரியும்? கணக்கில் நான் தடவுவது எப்படித் தெரியும்? அன்றைக்கு நான் ஆயாவைத் திரும்பிப் பார்த்த பார்வையைத்தான் போன டிசம்பர் வீடியோவில் மறுபடி பார்த்தேன்.

ஃபார்ம் யார் நிரப்பினார்கள் என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. முதல் நாளே ஊருக்கு வந்து சத்திரத்துப் பக்கம் தங்கிவிடுவார்கள். டீக்கடையில், குளத்தங்கரையில் பேச்சுக் கொடுத்தால் போதும். எந்த வீட்டில் பேரன் வந்திருக்கிறான், எந்த வீட்டில் மருமகள் கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள் எல்லாம் வந்துவிடும். ஆயாவே முந்தின தெருவில் அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்ததும் உண்டாம்.

மாடு தலையாட்டுவது மாயம் இல்லை. மூக்கணாங்கயிற்றில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுண்டு, குரலில் ஓர் ஏற்றம். ஆமாம் என்று மேலும் கீழும் ஆட்டும், இல்லை என்று பக்கவாட்டில் ஆட்டும், முன்னங்காலை மடக்கிக் கும்பிடும். கன்றிலிருந்தே பழக்க வேண்டும். நாம் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒரு வசவை மட்டும்தான். முதலாளி சொன்னதற்கெல்லாம் ஆமாம் போடுகிறவனைப் பூம்பூம் மாடு என்கிறோம். அந்த மாட்டுக்கு இல்லை என்று சொல்லவும் தெரியும் என்பதை வசதியாக மறந்துவிட்டோம்.

இவர்களைப் பற்றி அச்சில் என்ன இருக்கிறது என்று தேடினேன். எட்கர் தர்ஸ்டன் கே. ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909இல் 7 தொகுதிகளாக வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலில், 2ஆம் தொகுதியில், 'கங்கெத்து' என்ற தலைப்பில் வருகிறார்கள். தமிழ்ப் பகுதியில் பெருமாள் மாட்டுக்காரர், பெருமாள் எருதுக்காரர் என்று பெயர், வைணவர்கள், வீட்டு மொழி தெலுங்கு. ஆந்திரத்தில் இவர்களுடைய உறவுமுறைக் கலைஞர்கள் காளைக்கு ராமன் என்றும் பசுவுக்குச் சீதை என்றும் பெயர் வைத்து, இரண்டுக்கும் நடுத்தெருவில் கல்யாணம் செய்து வைப்பார்கள். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ராமருடைய கோயில் ஊருக்குள் ஒரு ராமர் சலங்கை கட்டிக்கொண்டு வந்து, என் கணக்கு மார்க்குக்குத் தலையாட்டியிருக்கிறார்.

பெருமாள் கோயில் பற்றிப் பேசும்போது அந்த ஊரின் கீல் குதிரையைச் சொல்லாமல் விட முடியாது. பிரம்மோற்சவத்தில் பெருமாள் ஏறும் குதிரை வாகனம். தனித்தனி மரத் துண்டுகளைக் கீல் வைத்து இணைத்தது. தூக்கிக்கொண்டு வரும்போது உடம்பு அசைந்து, நிஜக் குதிரை வருகிற மாதிரியே இருக்கும். இதைச் செய்த தச்சரிடம் வேறு ஊரார் வந்து எங்களுக்கும் ஒன்று செய்து தா என்று கேட்டார்களாம். இந்தப் பெருமாளுக்குத் தவிர வேறு யாருக்கும் செய்ய மாட்டேன் என்று சொல்லி உயிரையே விட்டாராம். அந்த நன்றிக்காக, 8ஆம் திருநாளில் பெருமாளே அவர் இருந்த தெருவுக்குப் போகிறார் என்பது ஊர்ச் சொல். வரலாறாக இதை நான் வைக்கவில்லை. ஆனால் மர மிருகத்தை உயிருள்ளதுபோல அசைய வைத்தவரின் வாசலுக்குச் சாமியே போகும் ஊரில், உயிருள்ள மிருகத்தை மனுஷன்போலப் பதில் சொல்ல வைத்தவரை நாங்கள் திண்ணைக்குக் கீழேதான் நிறுத்தி வைத்தோம். அரை முறம் நெல், ஒரு பழைய புடவை. தண்ணீர் கேட்டால் தனிச் சொம்பு. இதையும் எழுதத்தான் வேண்டும்.

சட்டப் புத்தகத்துக்குள் போனபோதுதான் விஷயம் பிடிபட்டது. 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் வித்தை காட்டும் விலங்குகளுக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதன் 21ஆம் பிரிவு, காட்சி என்றால் என்ன என்று வரையறுக்கிறது: டிக்கெட் விற்று மக்களை அனுமதிக்கும் கேளிக்கையில் காட்டுவதுதான் காட்சி. 22ஆம் பிரிவின்படி எந்தெந்த மிருகங்களைக் காட்சிக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அரசு பட்டியல் போடலாம். 2011 ஜூலையில் அந்தப் பட்டியலில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கத்தோடு காளையும் சேர்ந்தது. அதன் தொடர்ச்சியாக 2014 மே மாதம் ஜல்லிக்கட்டுக்குத் தடை, 2017 ஜனவரியில் மெரினா, பிறகு தமிழ்நாட்டின் திருத்தச் சட்டம். நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. திருத்தச் சட்டம் ஜல்லிக்கட்டு, மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா என்று பெயர் சொல்லிக் காப்பாற்றியது. அந்த வரிசையில் பூம்பூம் மாடு இல்லை. மெரினாவில் எத்தனையோ பதாகைகள் இருந்தன. இந்தக் காளைக்கு ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நானும் அங்கே போயிருந்தேன். எனக்கும் தோன்றவில்லை.

இன்னொரு பக்கம் பிச்சைத் தடுப்புச் சட்டங்கள். இங்கே 1945ஆம் வருஷத்துச் சென்னை மாகாணச் சட்டம். பம்பாயின் 1959ஆம் வருஷத்துச் சட்டம் இன்னும் வெளிப்படை. பாடுவது, ஆடுவது, குறி சொல்வது, வித்தை காட்டுவது என்று எந்தச் சாக்கில் பொது இடத்தில் காசு வாங்கினாலும் அது பிச்சை என்று எழுதி வைத்திருக்கிறது. சாக்கு! அந்தச் சொல்லை மூன்று தடவை படித்தேன். டெல்லியில் அமலில் இருந்த அதே சட்டத்தின் பல பிரிவுகளை 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்றது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிக்கெட் இல்லாததால் ஒரு சட்டத்தின் வரையறைப்படி அவர் செய்வது காட்சி ஆகாது. டிக்கெட் இல்லாததாலேயே இன்னொரு சட்டத்தின் வரையறைப்படி அது பிச்சை ஆகிவிடுகிறது. தங்கை மகள் முன்னால் முட்டி போட்ட அந்தப் பெண்ணையும் எங்கள் வாசல் மாட்டுக்காரரையும் பிரிப்பது திறமை இல்லை. ஒரு துண்டு டிக்கெட்.

இதில் மாட்டின் கஷ்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மூக்கணாங்கயிறு மூக்கில்தான் குத்தியிருக்கிறது. தார் ரோட்டில் நாள் முழுக்க நடக்கிறது. அதை மறைத்துவிட்டு ஏக்கப் பாட்டு பாட எனக்கு விருப்பமில்லை. அந்த மனிதர்களின் பிள்ளைகள் அதே ரோட்டில் நடக்கக் கூடாது என்பதுதான் அதைவிடப் பெரிய கவலை. பூம்பூம் மாட்டுக்காரர்கள் தங்களை ஆதியன் என்று சொல்லிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலைத் திறந்தால் முதல் பெயரே ஆதியன்தான். ஆனால் நீங்கள் அந்த ஆதியன்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டு, சாதிச் சான்றிதழுக்குப் பல மாவட்டங்களில் அலைய விடுகிறார்கள். சான்றிதழ் இல்லாததால் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் பற்றிப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்பச் செய்தி வருகிறது. ஊரில் எல்லோருடைய பேரையும் தெரிந்து வைத்திருந்தவர்களுக்குத் தங்கள் பேரை நிரூபிக்க முடியவில்லை.

டிக்கெட்டும் இல்லாமல் பிச்சை என்ற பெயரும் வாங்காமல் வாசலுக்கு வரும் வேஷக்காரர் நம்மிடையே ஒருவர் உண்டு. கேரல் ரவுண்ட்ஸில் வரும் கிறிஸ்துமஸ் தாத்தா. டிசம்பர் ராத்திரியில் டிரம் அடித்துக்கொண்டு சபை இளைஞர்கள் வருவார்கள், முகமூடித் தாத்தா ஆடுவார், குழந்தை கையில் மிட்டாய் வைப்பார், வீட்டுக்காரர் கவரில் காணிக்கை தருவார். யாரும் அதைப் பிச்சை என்று சொல்வதில்லை. முகமூடிக்குள் இருப்பது நம் சபைப் பையன் என்று தெரியும் அல்லவா?

இப்போது நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் கேட்டில், விற்பனையாளர், யாசகர் உள்ளே வர அனுமதி இல்லை என்று போர்டு இருக்கிறது. அந்த வாசகத்தை முடிவு செய்த கூட்டத்தில் நானும் கையைத் தூக்கினேன். இரண்டு வருஷம் முன்பு ஒரு தை மாதம், கேட்டுக்கு வெளியே அந்தச் சத்தம் கேட்டது. காவலாளி விரட்டிக்கொண்டிருந்தார். நான் பால்கனியிலிருந்து போட்டோ எடுத்தேன். கீழே இறங்கவில்லை.

இந்தப் பொங்கலுக்குத் தங்கை குடும்பத்தோடு வருகிறாள். போன மாதம் பாலுசெட்டி சத்திரம் பக்கம் போனபோது டீக்கடையில் விசாரித்து, ஒரு மாட்டுக்காரரின் நம்பர் வாங்கினேன். பழைய ஆள் இல்லை, அவருடைய வழியில் யாரோ. மாடு இருக்கிறது, ஆனால் வயசாகிவிட்டது, ரொம்ப தூரம் நடக்காது, பக்கத்து ஊர் என்றால் வருகிறேன் என்றார். எவ்வளவு தரணும் என்று கேட்டேன். "குடுக்கறத குடுங்க சார்." இல்லை, ஒரு தொகை சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஆயிரம் ரூபாய் என்றார், அதிகமாகக் கேட்டுவிட்டோமோ என்கிற குரலில். சரி என்றேன். வைக்கப்போகும்போது, "சார், ஒரு நிமிஷம்" என்றார்.

"கொழந்த பேரு என்னங்க? இங்கிலீசு பேருன்னா கொஞ்சம் நிறுத்தி சொல்லுங்க. அப்படியே வீட்ல பூனை, நாய் ஏதாவது வளக்குதா?"